வேற்றுமுகம்

பிள்ளைகளுக்கு என்னைக் கண்டவுடன் பிடிக்காது, மிஸ். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. நேர்முகத் தேர்வு நாளில் டொக்டர் சனூஸா ஒரு தாயையும் கைப்பிள்ளையையும் தன் பக்கத்தில் இருத்தி வைத்திருந்தார். மற்றப் பெண்கள் உள்ளே வந்தபோது அந்தப் பிள்ளை சிரித்தது. ஒருத்தியிடம் கையைக்கூட நீட்டியது. நான் வந்தபோது தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. டொக்டர் அங்கேயே என்னைத் தெரிவு செய்துவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் பட்டதாரிகள். பாவம், அவர்களுக்கு நல்ல முகம்.

என்ன வேலை என்று உங்கள் சிறுவர் பாதுகாப்புப் படிவத்தில் எழுதக் கேட்டீர்கள். இந்த மாவட்டத்துச் சின்னப் பிள்ளைகளின் பயம், மன அழுத்தம், தாயோடு உள்ள ஒட்டுதல் பற்றிய ஆராய்ச்சி அது. காலையில் பிள்ளையின் வாயில் பஞ்சை வைத்து எச்சில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். பயந்த பிள்ளையின் எச்சிலில் அது தெரியுமாம். அது வேறு ஆட்களின் வேலை. என் வேலை, அறைக்குள் போவது. ஒரு பாய், கொஞ்சம் விளையாட்டுச் சாமான், இரண்டு கதிரை. தாயும் பிள்ளையும் உள்ளே இருப்பார்கள். நான் கதவைத் திறந்து போய் மற்றக் கதிரையில் இருப்பேன். முதலில் கதையில்லை. பிறகு தாயோடு இரண்டு வார்த்தை. பிறகு தாய் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வெளியே போய்விடுவாள். பிள்ளையோடு நான் மட்டும். கொஞ்ச நேரத்தில் தாய் திரும்பி வருவாள். குழந்தைக்கு வேற்றுமுகம் தெரியத் தொடங்கிவிட்டது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த வேற்றுமுகம் நான்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு வேற்றுமுகமாக இருந்தேன்.

தாய் போகும்போது பிள்ளை அழுவதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். டொக்டர் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து, தாய் திரும்பி வரும் அந்தக் கணத்தைத்தான் பார்ப்பார். "அழுறது விஷயமில்ல றொஷானி. பயந்த புள்ள யாருக்கிட்ட ஓடுது, போய் அழுக அமருதா, அதத்தான் பாக்கணும்" என்பார். எனக்கு அது முதல் நாளே விளங்கிவிட்டது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் சொன்னதைப் பிடித்துக்கொள்வேன்.

ஊர்களுக்குள் போனபோதுதான் டொக்டருக்குத் தலையிடி தொடங்கியது. திரியாயில் ஒரு பாடசாலை வகுப்பறையை எடுத்திருந்தோம். தாய் வெளியே போனாள். பிள்ளை அழவில்லை. நேரே யன்னலடிக்கு ஓடி "சின்னம்மா" என்று கூப்பிட்டது. யன்னலுக்கு வெளியே சின்னம்மா, பெரியம்மா, அம்மம்மா எல்லாரும் வரிசையாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கம்பிக்குள்ளால் பிஸ்கட்டும் நீட்டினாள். புத்தகத்தில் இப்படி ஒன்று இல்லை. உங்களுக்குத் தெரியும்தானே, நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அக்கா தங்கைகள் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து இருப்பார்கள். பிள்ளை பசித்த வீட்டில் தின்னும், தூக்கம் வந்த வீட்டில் படுக்கும். டொக்டர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். தாய் வெளிநாட்டில் இருந்தால், வளர்க்கிற சின்னம்மாவையே தாயின் இடத்தில் வைத்துப் பார்ப்பது. "எத்தன பேர் வளத்தாலும், பெரிய பயம் ஒண்டு வந்தா புள்ள முதல்ல ஓடுற ஆள் ஒருத்திதான்" என்றார். அந்த ஒருத்தி என்ற சொல் எனக்குள் இறங்கிவிட்டது.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்பமலர் மூத்தவள். துறைமுகப் பக்கம் உள்ள எங்கள் வளவில் கல்வீடு அவளுக்கு, பின்னால் இருக்கிற அரைகுறை வீடு எனக்கு. மாப்பிள்ளை வந்தால் கட்டி முடிப்போம் என்று அப்பா சொன்னார். மாப்பிள்ளையும் வரவில்லை, அப்பாவும் இல்லை, வீடு அப்படியே நிற்கிறது. அக்காவுக்கு பேணாட் அத்தான் வந்தார். நல்ல மனிதர், கடலில் போய்விட்டார். படகு மட்டும் கரைக்கு வந்தது. அப்போது அவர்களுடைய மகள் ஜெஸ்மின் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு இரண்டு வயது முடிந்த பிறகு அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போகிற அன்று என் கையைப் பிடித்து, "என்ட பிள்ளை உன்ட பிள்ளைதானே றொஷானி. நீ இருக்கிறபடியாத்தான் நான் துணிஞ்சு போறன்" என்றாள். அதை நான் நம்பினேன். பிழை அங்கேதான் தொடங்கியது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அந்தப் பிள்ளையை எப்படிப் பார்த்தேன் என்று வளவில் யாரிடமும் விசாரிக்கலாம். ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. முட்டை தவறியதில்லை, தடுப்பூசி தவறியதில்லை. காய்ச்சல் வந்தால் மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளைப் போல் வெள்ளையாக உடுத்து வந்த பிள்ளை எங்கள் பங்கில் இல்லை.

ஒரு நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, உதட்டுக்குக் கீழே நாடி பிளந்துவிட்டது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தையல் போடும்போது அவள் "அம்மா, அம்மா" என்று கத்தினாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே இருந்த நேர்ஸ் ஆறுதலாக, "அம்மாதானே பிள்ளை பக்கத்தில நிக்கிறா" என்றாள். ஜெஸ்மின் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "இவ அம்மா இல்லை. அம்மா போனுக்குள்ள இருக்கிறா" என்றாள்.

என் உடுப்பெல்லாம் அவளுடைய இரத்தம். வயிறு பற்றி எரிந்தது, மிஸ். அதை மறைக்க ஒன்றுமில்லை. பெரிய பயத்தில் பிள்ளை ஓடுகிற ஒருத்தி, என் கைக்கெட்டாத தூரத்தில் ஒரு கண்ணாடித் துண்டுக்குள் இருந்தாள். அவள் கழுவினாளா, ஊட்டினாளா, விழித்திருந்தாளா? ஒன்றுமில்லை. கதைத்தாள். அவ்வளவுதான்.

அக்காவுக்கு வேலை நேரத்தில் வீடியோவில் வர ஏலாது. அதனால் குரலைப் பதிந்து வொய்ஸ் அனுப்புவாள். சமையலறையில் நின்றுகொண்டு மெல்லிய குரலில், "ஜெஸ்மின் குட்டி, அம்மா கதைக்கிறன். சாப்பிட்டனீங்களா? சின்னம்மாவுக்குக் குழப்படி செய்யக் கூடாது, என்ன?" என்று தொடங்கி, பாட்டு, கதை, முத்தம் என்று நீளும். பிள்ளை போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்பாள். முடிந்ததும் திரும்பப் போடச் சொல்வாள். குசினியில் நான் சோறு வடித்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் முறை நான் ஒன்றும் செய்யவில்லை. கச்சான் காற்று செய்தது. வீட்டின் பக்கத்தில் அத்தானுடைய வலைகள் கிடக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. யன்னல் இல்லை. ஜெஸ்மின் போனோடு அதற்குள் போயிருந்தாள். காற்று கதவை அடித்துச் சாத்தியது, கொளுக்கி தானாக விழுந்துவிட்டது. உள்ளே கும்மிருட்டு, அதற்குள் அக்காவின் குரல் பாடிக்கொண்டிருக்கிறது, பிள்ளை அலறுகிறாள். நான் ஓடிப்போய்த் திறந்தேன். அவள் என் மேல் பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்ட விதத்தை எப்படிச் சொல்வது. என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அன்று பின்னேரம் முழுக்க இடுப்பை விட்டு இறங்கவில்லை. போனைக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த முறை காற்று இல்லை.

நீண்ட நேரம் வைப்பதில்லை. வொய்ஸ் முடியும் மட்டும்தான். அக்கா நீளமாகக் கதைக்கிறவள் என்பதற்கு நான் என்ன செய்ய. போனை உள்ளே வலைக்கு மேல் வைத்து, வொய்ஸைப் போட்டுவிட்டு, பிள்ளையை உள்ளே விட்டுக் கொளுக்கியைப் போடுவேன். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நின்றுகொண்டிருப்பேன். ஒரு நாளாவது அவளை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனதில்லை. குரல் ஓய்ந்ததும் திறந்து தூக்கி, "பயப்பிடாதைங்கோ, சின்னம்மா வந்திட்டன்" என்பேன். அதற்குப் பிறகு பனங்கட்டியும் பாலும். அந்தக் கிழமைகளில் என் மனம் எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா. பிள்ளையும் என்னோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள். கிணற்றடிக்குப் போனாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

சில மாதங்களில் அக்காவின் குரல் கேட்டாலே காதைப் பொத்தத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை வீடியோவில் முகம் வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். அக்கா அங்கே குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்று அழுதாள்.

"என்னடி இது, என்ட முகத்தைக் கண்டா ஒளிக்கிறாளே."

"சின்னப் பிள்ளைதானே அக்கா. கண்காணாத ஆள் எண்டா வேற்றுமுகம்தான். நான் இந்த வேலையிலதானே இருக்கிறன். பயப்பிட ஒண்டுமில்லை" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் எது பொய் என்று காட்டுங்கள்.

டொக்டருக்கும் என்னில் நல்ல அபிப்பிராயம். மூதூரில் தாய்மாருக்கு ஒரு கூட்டம் வைத்தபோது என்னை எழுப்பி நிறுத்தி, "தாய் வெளிநாட்டில இருந்தாலும் இவங்களப் போல ஒரு சின்னம்மா இருந்தா புள்ளைக்கு ஒரு குறையும் வராது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பிள்ளைகளைப் பயப்படுத்துவதற்குச் சம்பளம் தந்தவரே அதைச் சொன்னார். அவருடைய ஆராய்ச்சியில் என் ஜெஸ்மினை மட்டும் சேர்க்கவில்லை. வேலைசெய்கிறவர்களின் வீட்டுப் பிள்ளைகளை எடுக்கக் கூடாது என்று விதியாம். நல்ல விதி.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒப்பந்தம் முடியட்டும் என்று இருக்காமல் வந்துவிட்டாள். பெட்டியோடு படலைக்குள் நுழைந்து, கைகளை விரித்துக்கொண்டு, "மகள்" என்றாள். அந்த ஒரு சொல்தான். ஜெஸ்மின் போட்ட சத்தத்தில் வளவே கூடிவிட்டது. அக்கா அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். பிள்ளை என் தோளில். எல்லாரும் பார்த்தார்கள், யாருடைய தோளில் என்று.

அதற்குப் பிறகு அக்கா செய்யாத வித்தை இல்லை. பொம்மை, சொக்லேட், புதுச் சட்டை. தட்டில் சோறு போட்டு வைத்தால் பிள்ளை தொடமாட்டாள். அதே தட்டை நான் எடுத்தால் வாயைத் திறப்பாள். அக்கா மெலிந்துபோனாள். வாய் திறந்தால் பிள்ளை அழுகிறாள் என்று சொந்த வீட்டில் கதைக்காமல் நடந்தாள். ஒரு நாள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற என்னிடம் வந்து, "நான் திரும்பப் போறன் றொஷானி. அவள் உன்னோடயே இருக்கட்டும். நான் பெத்தனான், அவ்வளவுதான். அம்மா நீதான்" என்றாள். குரலை அடக்கித்தான் சொன்னாள்.

அந்த வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவும் பட்டேன். "யோசிச்சுச் செய் அக்கா" என்றேன். போகாதே என்று சொல்லவில்லை. அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லது. பிள்ளைக்கு ஓர் அம்மா, அக்காவுக்குத் தொழில்.

ஆனால் அக்கா போவதற்கு முன் டொக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். அழுதிருக்கிறாள். டொக்டருக்கு மனம் இளகிவிட்டது. ஆராய்ச்சிக்கு இல்லை, ஒரு உதவிக்காக என்று சொல்லி எங்கள் மூவரையும் பங்கு மண்டபத்துப் பக்க அறைக்கு வரச் சொன்னார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசையாகவும் இருந்தது. எத்தனையோ தாய்மார் அந்தக் கதவால் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கியதைப் பார்த்துக்கொண்டு மற்றக் கதிரையில் இருந்தவள் நான். அன்று திரும்பி வருகிறவள் நான். மற்றக் கதிரையில் அக்கா.

எல்லாம் முறைப்படி நடந்தது. நான் ஜெஸ்மினோடு பாயில் இருந்தேன். அக்கா வந்து இருந்தாள். நான் எழும்பி வெளியே போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் டொக்டரோடு நின்றேன். பிள்ளை கதவைத் தட்டித் தட்டி அழுதாள். அக்கா பக்கத்தில் போனாள், அழுகை கூடியது. பொம்மையை நீட்டினாள், இன்னும் கூடியது. என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா தன் போனை எடுத்தாள். அங்கே இருந்து அனுப்பிய வொய்ஸ் எல்லாவற்றையும் அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். "இது நீங்க சின்னனில கேட்டது, மகள்" என்று சொல்லி ஒன்றைப் போட்டாள்.

ஜெஸ்மின் அழுகையை நிறுத்திவிட்டாள்.

டொக்டர் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்தார். "பாத்தீங்களா, குரல் ஞாபகம் இருக்கு" என்றார். எனக்கு மட்டும் தெரியும், அது என்னவென்று. பிள்ளை பொம்மையைப் பாயில் ஒழுங்காக வைத்தாள். மூலையில் விளையாட்டுச் சாமான் வைக்கிற அலுமாரி இருந்தது. அன்று சாமான்கள் வெளியே கிடந்தபடியால் கீழ்த்தட்டு வெறுமை. அவள் நடந்து போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே நுழைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு கதவை உள்ளேயிருந்து தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

அறையில் அக்காவின் குரல் பாடிக்கொண்டிருந்தது. அக்கா அந்த அலுமாரியைப் பார்த்தபடி இருந்தாள். என் கையிலிருந்து டொக்டரின் கை எப்போது போனது என்று தெரியாது. பாட்டு முடிந்தது, முத்தம் முடிந்தது. அலுமாரிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"சின்னம்மா, வொய்ஸ் முடிஞ்சுது. திறவுங்கோ."

நான் போய்த் திறந்தேன். வேறு யார் திறப்பது? இரண்டு கையையும் தூக்கினாள், நான் எடுத்துக்கொண்டேன். அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. "என்ட குரலைப் போட்டோ பூட்டினனீ?" என்று மட்டும் கேட்டாள். "ஓம்" என்றேன். கேட்டால் ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இப்போது உங்களிடமும் ஒளிக்கவில்லை. செய்தது நான்தான். தெரியாமல் செய்யவில்லை, கோபத்தில் செய்யவில்லை. பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும், பயந்தவள் யாரிடம் ஓடுகிறாள் என்பதையும் நான் தெரிந்துகொண்டு, அக்காவை ஒரு பக்கத்திலும் என்னை மற்றப் பக்கத்திலும் வைத்தேன். டொக்டர் அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "இதுக்கா நான் உங்களுக்குச் சொல்லித் தந்தேன்" என்று கேட்டார். சொல்லித் தந்தது அவர்தானே.

அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெருகலில் அத்தானின் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னீர்கள். நல்லது. அந்த வீட்டில் அறைக் கதவுகளையெல்லாம் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். முதலில் அக்காவை விட்டுத் தள்ளிப் பாயின் அந்தத் தொங்கலில் படுத்தவள், இப்போது அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாளாம். ஆற்றங்கரையில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறாளாம். என்னைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது நீங்கள் என் முகத்தைக் கவனித்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல.

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, மிஸ். நீங்கள் இந்த ஆராய்ச்சியைப் படிக்கவில்லை, அதுதான். பயமில்லாமல் விளையாடுகிற பிள்ளையை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. அவளை ஒரே ஒரு தடவை நன்றாகப் பயப்பட விட்டுப் பாருங்கள். அம்மா யார் என்று அப்போது உங்களுக்கே விளங்கும்.